உறைக்கு மேலே எழுதியிருப்பது

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். எதிர்வீட்டு அக்கா கையில் செல்போனும் ஒரு பழைய ரயில்வே ஃபைலுமாக வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவருடைய கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகி மூன்று மாதம் ஆகியும் அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வர ஆரம்பிக்கவில்லை. வங்கியில் ஆதார் நகல் கேட்டிருக்கிறார்கள். இவரிடம் இருந்ததோ கணவர் எப்போதோ எடுத்து வைத்த மங்கிப்போன ஜெராக்ஸ். "இது தெளிவாக இல்லை, புதிதாக டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பையன் ஃபைலை இறக்கி, இவர் போனுக்கு அனுப்பியிருக்கிறான். பாஸ்வேர்டு என்னவென்றும் சொல்லியிருக்கிறான்: பெயரின் முதல் நான்கு எழுத்து, அப்புறம் பிறந்த வருஷம். அக்காவும் பத்து தடவை போட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் தவறு, தவறு என்றே வருகிறது.

"தம்பி, உள்ளே இருக்கிறது என் பேரு, என் படம். அதை எனக்கே திறக்க மாட்டேங்குதே" என்றார்.

முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். சாவி, அரக்கு, முத்திரை, உறை என்று பாதி வாழ்க்கை அவற்றோடுதான் போனது. அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒருவருக்குச் சேர வேண்டிய ஆவணத்தைப் பிறர் கைபடாமல் பூட்டிக் கொடுப்பது ஒரு வேலை. உரியவரே திறக்க முடியாமல் வந்து நிற்கும்போது வழி செய்து கொடுப்பது இன்னொரு வேலை. பழைய காலத்து ஆட்கள் இந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்தார்கள் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்கா கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன் மெசபொடேமியாவில் தாளும் கிடையாது, ஓலையும் கிடையாது. ஈரக் களிமண்ணை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, அதில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதுவார்கள். யார் யாருக்கு எவ்வளவு வெள்ளி கடன் கொடுத்தார், வட்டி என்ன, எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதிய பலகையை யாராவது ஈரப்படுத்தி எண்ணை மாற்றிவிட்டால்? அதற்காக அந்தப் பலகையையே இன்னொரு களிமண் போர்வையால் சுற்றி மூடிவிட்டார்கள். மண்ணால் ஆன உறை! உள்ளே எழுதியதன் சாரத்தை உறையின் மேலும் எழுதி, சாட்சிகள் தங்கள் உருளை முத்திரைகளை அதன்மேல் உருட்டிப் பதித்தார்கள்.

அன்றாடத் தேவைக்கு மேலே எழுதியிருப்பதைப் படித்தால் போதும். மேலே எழுதியதில் தகராறு வந்தால் நடுவர்கள் முன்னால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்ப்பார்கள். இன்றைய துருக்கியில் குல்தெபே என்ற இடத்தில், அசூர் நகரத்து வியாபாரிகள் தங்கியிருந்த பழைய கானேஷ் ஊரில், இப்படிப்பட்ட களிமண் ஆவணங்கள் 20,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில இன்னும் உடைக்கப்படாத உறைக்குள்ளேயே இருக்கின்றன. தகராறு வராத ஒப்பந்தங்கள் போலும்!

நம் பக்கத்துக்கு வருவோம். ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்து தேசத்து லைடன் நகரம் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழி, 16 தமிழ். எல்லா ஏடுகளையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளைச் சோழ முத்திரையால் பிணைத்திருக்கிறார்கள்.

இந்தப் பூட்டின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஏட்டைப் புரட்டிப் படிக்க எந்தத் தடையும் இல்லை. ஒரு ஏட்டை உருவ வேண்டும் அல்லது புதிதாக ஒன்றைச் செருக வேண்டும் என்றால்தான் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். அதாவது, விகாரத்தார் தங்கள் ஆவணத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றத்தான் முடியாது. அதோடு விட்டார்களா? அரசனின் வாய்மொழி ஆணை ஓலையாகி, அதிகாரிகள் பலர் பார்த்து ஒப்பி, அரசின் வரிக் கணக்கிலும் ஏறிய பிறகே செம்புக்கு வந்தது. ஒருவர் கையில் உள்ளதற்கு இன்னொரு இடத்தில் சாட்சி இருந்தது.

இதே யோசனை இங்கிலாந்தில் வேறு உருவம் எடுத்தது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் நேர்கோடாக வெட்டாமல் பல் பல்லாக, வளைந்து வளைந்து வெட்டிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பாதி. பிற்காலத்தில் சண்டை வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பல்லுக்குப் பல் பொருந்தினால் உண்மை. பல் போல வெட்டியதால்தான் அந்த ஒப்பந்தத்துக்கு 'இன்டென்சர்' என்று பெயர்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் தன் பாதியைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது? நிலத் தீர்வைகளுக்கு அதற்கும் வழி கண்டார்கள். 1195-ஆம் ஆண்டிலிருந்து மூன்று படி எழுதினார்கள். இருவருக்கு ஒவ்வொன்று, தோலின் கீழ்ப்பகுதியில் எழுதிய மூன்றாவது, அரசுக் கருவூலத்துக்கு. அந்த மூன்றாம் படிகள் இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

பல் வெட்டு நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற ஒவ்வொருவர் பீரோவிலும் அதன் பேரன் ஒருவன் இருக்கிறான். அதுதான் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை. அது இரண்டு பாகமாகத்தான் வரும். ஒன்று ஓய்வூதியர் கையில், மற்றது பணம் கொடுக்கும் இடத்தில். நாங்கள் வங்கியில் முதல் முறை ஓய்வூதியம் தொடங்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண், பெயர், தொகை எல்லாம் ஒத்துப் போகிறதா என்று பார்ப்போம். கணவர் போனபின் மனைவிக்கு எவ்வளவு என்பதும் அதே ஆணையில் முன்கூட்டியே எழுதியிருக்கும். எழுதியவர் மரணத்தையும் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், பூட்டிய ஆவணத்துக்கு மிக அழகான ஏற்பாடு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. உயில் எழுதியவர், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாமலே, ஒட்டி முத்திரை வைத்த உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். சட்டத்தின் 42-ஆவது பிரிவு. உறைக்கு மேலே தன் பெயரும், உள்ளே இருப்பது என்ன வகை ஆவணம் என்பதும் எழுதித் தர வேண்டும். பதிவாளர் அந்த மேலெழுத்தை மட்டும் 5-ஆம் எண் புத்தகத்தில் அப்படியே பதிவு செய்வார். எந்த நாள், எந்த மணி, அடையாளம் சொன்னவர் யார், முத்திரையில் படிக்கக்கூடிய எழுத்து என்ன என்பதையும் குறித்துக்கொண்டு, தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துப் பூட்டுவார். எழுதியவர் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அவர் இறந்த பிறகு? 45-ஆவது பிரிவு சொல்கிறது. யாராவது விண்ணப்பித்து, இறந்தது உண்மைதான் என்று பதிவாளருக்குத் திருப்தியானால், விண்ணப்பித்தவர் முன்னிலையிலேயே உறை திறக்கப்படும். அவர் செலவில் 3-ஆம் எண் புத்தகத்தில் நகல் எழுதப்படும். மூல உயில் மறுபடி பெட்டிக்குப் போகும்.

களிமண் உறையும் இதுவும் ஒரே குடும்பம்தான் என்று தோன்றவில்லையா? மேலே எழுத்து, நடுவில் ஒரு மூன்றாம் மனிதர், திறக்க வேண்டிய நாளுக்கு ஒரு முறை.

எங்கள் வங்கி வேலையும் இந்த வரிசையில் வந்ததுதான். லாக்கருக்கு இரண்டு சாவி என்பது உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் சாவி மட்டும் போட்டால் திறக்காது, வங்கியின் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது. நான் காவிரிக்கரை ஊர் ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு பெரிய விவசாயி, லாக்கர் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்பது அவர் எண்ணம். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் முங்கி எழுந்தார். கயிறு இருந்தது, சாவியைக் காணோம். உள்ளே மகள் கல்யாணத்துக்கான நகை. ஆவணியில் முகூர்த்தம்.

மறுநாள் காலை வங்கி வாசலில் வந்து நின்றார். ஊருக்கே தெரிந்த மனிதர். பெட்டி அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் எங்கள் மேனேஜர் உடனே உடைத்துத் தரவில்லை. எழுத்தில் விண்ணப்பம் வாங்கினார். கையெழுத்தை ஒப்பிட்டார். பூட்டு செய்த கம்பெனிக்கு எழுதி ஆள் வரவழைத்தார். வந்தவர் துளை போட்டுத் திறந்தபோது வாடிக்கையாளரும் சாட்சிகளும் பக்கத்திலேயே நின்றார்கள். செலவு வாடிக்கையாளருடையது. இதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் மனிதர் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். மேனேஜரும் தினமும் காப்பி வாங்கிக் கொடுத்து, "உங்கள் பொருள் எங்கேயும் போகாது, ஐயா. ஆள் கிளம்பிவிட்டார்" என்று சொல்வார். முகூர்த்தத்துக்கு முன்பே நகை வீடு போய்ச் சேர்ந்தது. அவர் கோபத்தோடு போகவில்லை. ஏன் தாமதம், யார் பொறுப்பு, அடுத்து என்ன என்று அவருக்குத் தினமும் ஒருவர் முகம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

1983-ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வைப்புத்தொகைக்கும், பாதுகாப்புக்காக ஒப்படைத்த பொருளுக்கும், லாக்கருக்கும் நாமினி போடும் வசதி கொண்டுவந்தார்கள். நாமினி வந்து கேட்டால் பொருள்களுக்குப் பட்டியல் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அதில் ஒட்டிய உறையோ கட்டோ இருந்தால் அதை நாங்கள் பிரிக்கக்கூடாது. 'ஒட்டிய உறை ஒன்று' என்று எழுதிவிட்டு அப்படியே கொடுத்துவிட வேண்டும். இறந்தவரின் ரகசியத்துக்குக்கூட மரியாதை இருந்தது.

இனி கம்ப்யூட்டர் காலம். 1993-ல் அடோபி என்ற அமெரிக்க நிறுவனம் பி.டி.எஃப். என்ற கோப்பு முறையை வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதைத் தொடங்கிய ஜான் வார்நாக்கின் ஆசை. அடுத்த ஆண்டே அதற்குப் பாஸ்வேர்டு பூட்டு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் லாக்கர் மாதிரி இரண்டு சாவி உண்டு. ஒன்று திறந்து படிப்பதற்கு. மற்றது ஆவணத்தை வெளியிட்டவருக்கு. பிரிண்ட் எடுக்கலாமா, திருத்தலாமா என்பதை அவர் அதைக்கொண்டு கட்டுப்படுத்தலாம். ஆக, களிமண் உறையும் செப்பேட்டு வளையமும் சேர்ந்து ஒரே ஃபைலுக்குள் வந்துவிட்டன. லாக்கரிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே இரண்டில் எந்தச் சாவி போட்டாலும் தனியாகவே திறந்துவிடும்.

நம் நாட்டில் வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிச் சான்று, ஆதார் எல்லாம் இந்த உறையில்தான் இப்போது வருகின்றன. கோடிக்கணக்கானவர்களுக்குத் தனித்தனியாகச் சாவி செய்து தபாலில் அனுப்ப முடியுமா? முடியாது. அதனால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விவரத்தையே சாவியாக்கிவிட்டார்கள். வருமான வரித் துறை அனுப்பும் சில ஆவணங்களுக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். யோசித்துச் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் இரண்டு ஓட்டை. என் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிய வேண்டுமென்றால், நான் ஜெராக்ஸ் கொடுத்த கடைகளில் எதிலாவது விசாரித்தால் போதும். அன்னியனுக்கு இது பெரிய பூட்டே இல்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய, ஆங்கிலம் பழகாத சொந்தக்காரருக்கு இது இரும்புக் கதவு. உறைக்கு மேலே எழுத வேண்டியதை எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். காப்பி வாங்கிக் கொடுத்து, "ஆள் கிளம்பிவிட்டார்" என்று சொல்ல அங்கே மேனேஜர் இல்லை. 'தவறான பாஸ்வேர்டு' என்ற ஒரே பதில்தான்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். ஃபைலில் இருந்த மங்கிய ஜெராக்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அக்கா பெயருக்கு முன்னால் இனிஷியலும் புள்ளியும் இருந்தன. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இனிஷியல் முன்னால்தானே! ஆதார் கணக்கில் பெயர் என்றால் இனிஷியலும் சேர்த்தி, புள்ளியும் சேர்த்தி. அவர்களே கொடுத்திருக்கும் உதாரணம் பி. குமார் என்பவர் 1990-ல் பிறந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி, புள்ளி, கே, யு, பிறகு 1990 என்பது. அக்கா இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரின் நான்கு எழுத்தைப் போட்டிருக்கிறார்.

சரி, இனிஷியலும் புள்ளியும் சேர்த்துப் போட்டோம். அப்போதும் திறக்கவில்லை.

"வருஷம் என்ன போட்டீங்க, அக்கா?"

"அம்பத்திரண்டு புயலுக்கு மறுவருஷம் நான் பிறந்தேன்னு எங்கம்மா சொல்லும். அம்பத்திமூணு."

நாகப்பட்டினத்துப் பக்கம் 1952 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலைக் கணக்கு வைத்துப் பிறந்த நாள் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஜெராக்ஸில் பார்த்தால் 1952 என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அக்காவின் அப்பா ஒரு வயது கூட்டிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வருஷம் எழுபது வருடமாகக் கூடவே வந்திருக்கிறது. 1952 என்று போட்டதும் திறந்துகொண்டது.

வங்கியில் உதவாது என்று திருப்பிக் கொடுத்த அதே ஜெராக்ஸில்தான் சாவி இருந்தது. அன்று மாலைக்குள் பிரிண்ட் போய்ச் சேர்ந்தது. இந்த மாதம் முதல் தேதி அக்காவுக்கு நான்கு மாதத் தொகையும் சேர்ந்து வந்துவிட்டது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், எங்களுக்குள் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். தன் டெபாசிட், பங்கு, காப்பீடு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதிப் பாஸ்வேர்டு போட்டு வைத்தார். அது அவர் பிறந்த தேதியோ பெயரோ அல்ல. அவ்வளவு எளிதாக வைப்பவர் இல்லை அவர். ஒரு நாள் நடைப்பயிற்சிக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் மகன்களும் இன்றுவரை அதைத் திறக்கவில்லை. எந்தெந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலைகிறார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர் லாக்கருக்கு நாமினி போடச் சொன்ன மனிதர்.

பத்து ஆண்டு யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்குப் போய்விடும். போனாலும் உரியவர்கள் பிறகு கேட்டு வாங்கலாம். இப்படிக் கேட்பாரற்றுக் கிடப்பவற்றைத் தேடுவதற்கு 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் தேட வேண்டும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமே!

நம் வயதுக்காரர்கள் ஒரு மத்தியானம் ஒதுக்கி ஒரு காரியம் செய்யலாம். எந்தெந்த ஆவணம் எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில், இனிஷியல் முன்னாலா பின்னாலா, எந்தப் பிறந்த தேதியில் என்று ஒரு தாளில் கையால் எழுதுங்கள். நீங்களே வைத்த பாஸ்வேர்டு இருந்தால் அதை இன்னொரு தாளில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். உறைக்கு மேலே உள்ளே என்ன, எப்போது, யார் திறக்கலாம் என்று எழுதுங்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். யார் போனில் கேட்டாலும் உள்ளே இருப்பதைச் சொல்லாதீர்கள்.

அக்கா அன்று போகும்போது ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். ஆதாரில் தன் பெயர் எப்படி இருக்கிறது, வருஷம் என்ன என்று தமிழில் பெரிதாக என்னை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: "உண்மையில் பிறந்தது புயலுக்கு மறுவருஷம்."